கார்டு மாறிவிட்டது என்று எரர் வந்தால் ஓஎஸ் என்ன செய்ய வேண்டும்?

தர்மபுரி கலெக்டர் ஆபீஸ் பக்கமோ கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியோ இருக்கிற செராக்ஸ் கடைகளில், காலேஜ் அட்மிஷன் சமயத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒரே கம்ப்யூட்டர், முன்பக்கம் வேலை செய்கிற ஒரே யூஎஸ்பி போர்ட். ஒருவர் பென் டிரைவை உருவுவதற்குள் அடுத்தவர் "அண்ணா, இதுல ரெண்டு பக்கம் மட்டும்" என்று தன்னுடையதை நீட்டுகிறார். கடைக்காரரும் உருவுகிறார், செருகுகிறார், பிரிண்ட் கொடுக்கிறார், ஒவ்வொரு முறையும் ஸ்கிரீனில் தெரிவது அதே எஃப் டிரைவ்தான், உள்ளே இருப்பது மட்டும் வேறு ஆளுடையது.

இந்த மாற்றம் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது? தெரியாமல் போனால் என்ன ஆகும்? தெரிந்த பிறகு அது எப்படி நடந்துகொள்ள வேண்டும்? கேள்வி சின்னதாகத் தெரிந்தாலும் ஓஎஸ், அதாவது விண்டோஸ், லினக்ஸ் மாதிரி கம்ப்யூட்டரை நடத்துகிற அடிப்படை சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களை நாற்பது வருஷத்துக்கு மேலாக வேலை வாங்கிக்கொண்டிருக்கிற விஷயம் இது. இதில் தவறு நடந்தால் அடிபடுவது கம்ப்யூட்டர் படித்தவர்கள் இல்லை, ஸ்டூடியோக்காரர், டிடிபி கடைக்காரர், புராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பென் டிரைவில் மட்டும் வைத்திருக்கிற மாணவி. அதனால் அவர்களுக்கும் புரிகிற மாதிரியே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் ஒரு கேமரா கார்டையோ பென் டிரைவையோ செருகியதும் ஓஎஸ் அதைப் பற்றிய பல விவரங்களைப் படித்துத் தன் மெமரியில் வைத்துக்கொள்கிறது. எந்த ஃபோல்டர் எங்கே இருக்கிறது, எந்த இடம் காலி, எந்த ஃபைல் எந்த எந்தத் துண்டுகளில் கிடக்கிறது, எல்லாம். ஒவ்வொரு தடவையும் கார்டுக்குப் போய்ப் படித்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது, அதனால் இப்படி. எழுதுவதிலும் அதே கதை. நீங்கள் சேவ் கொடுத்ததும் பெரும்பாலும் அது உடனே கார்டுக்குப் போவதில்லை, மெமரியில் நின்று, சேர்த்துவைத்து, கொஞ்சம் கழித்துத்தான் போகும். லினக்ஸில் வழக்கமான செட்டிங்கில் இப்படிக் காத்திருக்கிற டேட்டா 30 விநாடி வரைகூட மெமரியிலேயே இருக்கலாம். இந்த மெமரிப் பிரதிக்குத்தான் கேஷ் என்று பெயர்.

ஆக, எந்த நேரத்திலும் ஒரு டிஸ்க்குக்கு இரண்டு உருவங்கள் இருக்கின்றன: கையில் பிடிக்கிற நிஜக் கார்டு ஒன்று, ஓஎஸ்ஸின் மெமரியில் இருக்கிற கணக்கு ஒன்று. ஹார்ட் டிஸ்க்கில் இரண்டும் பிரிய வாய்ப்பில்லை, ஸ்க்ரூ போட்டு உள்ளே முடுக்கியிருக்கிறது. கார்டோ பென் டிரைவோ அப்படி இல்லை. ஓஎஸ்ஸைக் கேட்காமலே யார் வேண்டுமானாலும் உருவலாம்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் அரூர் பஸ்ஸில் ஜன்னலோரம் துண்டைப் போட்டுவிட்டு டீ குடிக்க இறங்குகிறீர்கள். திரும்பி வருவதற்குள் அந்த பஸ் கிளம்பிப் போய், அதே இடத்தில் பென்னாகரம் பஸ் வந்து நிற்கிறது. நீங்கள் போர்டைப் பார்க்காமல் ஏறி, "மூணாவது சீட்டு என்னோடது, எந்திரிங்க" என்று அங்கே உட்கார்ந்திருப்பவரை எழுப்பினால் எப்படி இருக்கும்? உங்கள் ஞாபகத்தில் தவறே இல்லை, மூன்றாவது சீட்தான். பஸ்தான் வேறு. எஃப் டிரைவ் என்பது பஸ் நிற்கிற இடம், பஸ் இல்லை. இந்த வித்தியாசத்தை மறந்த ஓஎஸ், அந்நியர் ஒருவரின் கார்டில் போய் மூன்றாவது சீட்டைக் காலி செய்துவிடும்.

காலி செய்வது என்றால் எப்படி என்று கிட்டத்தில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் ஆபத்தின் அளவு அங்கேதான் தெரியும். ஒரு ஸ்டூடியோ, ஒரே கல்யாணம், ஒரே கம்பெனியின் இரண்டு 32 ஜிபி கார்டுகள். ஒன்றில் முந்தின நாள் ரிசப்ஷன், இன்னொன்றில் முகூர்த்தம். இந்த அளவுக் கார்டுகள் ஃபேட் 32 என்ற முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். அந்த முறையில் கார்டின் தொடக்கத்தில் ஒரு பெரிய அட்டவணை இருக்கும். ஒவ்வொரு போட்டோவும் சில நூறு துண்டுகளாகக் கார்டில் கிடக்க, இந்தத் துண்டுக்கு அடுத்தது எந்தத் துண்டு என்று சங்கிலி கோத்து வைத்திருப்பது அந்த அட்டவணைதான். இப்போது ரிசப்ஷன் கார்டிலிருந்து கலங்கிப்போன நாலு படத்தை அழிக்கிறார்கள். அட்டவணை மாறுகிறது, ஆனால் மாறிய அட்டவணை இன்னும் மெமரியில்தான் நிற்கிறது. அதற்குள் கார்டை உருவி முகூர்த்தக் கார்டைச் செருகியாயிற்று. ஓஎஸ்ஸுக்கு இது தெரியவில்லை என்றால் சிறிது நேரத்தில் காத்திருந்த அட்டவணையை எழுத வரும். ஒரே அளவு, ஒரே மாதிரி ஃபார்மேட் என்பதால் இரண்டு கார்டிலும் அட்டவணை இருப்பது ஒரே இடத்தில். ரிசப்ஷனின் சங்கிலி முகூர்த்தத்தின் மேல் ஏறிவிடும். ஃபேட் 32 அட்டவணைக்கு இரண்டு பிரதி வைத்திருக்கிறதே என்பீர்கள், ஓஎஸ் இரண்டிலும்தான் எழுதும். 32 ஜிபிக்கு மேலான கார்டுகளில் வருகிற எக்ஸ்ஃபேட் முறையில் வழக்கமாக இருப்பதே ஒரு பிரதிதான்.

தாலி கட்டுகிற படம் கார்டில் அப்படியேதான் இருக்கும், ஒரு துண்டும் அழிந்திருக்காது. ஆனால் எந்தத் துண்டு எதோடு சேரும் என்ற கணக்கு போய்விட்டது. திறந்தால் பாதி படம், மீதி சாம்பல் நிறப் பட்டை. "கார்டு கரப்ட் ஆயிடுச்சு" என்று கார்டின் மேல் பழி போடுவார்கள். கார்டு ஒரு தப்பும் செய்யவில்லை.

பழைய ஆட்கள் எப்படிச் சமாளித்தார்கள்

ஃப்ளாப்பி காலத்தில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம், ஏனென்றால் அப்போது டிஸ்க் மாற்றுவதுதான் நாள் முழுக்க வேலையே. 1970களின் சிபிஎம் ஓஎஸ், டிஸ்க்கின் ஃபைல் பட்டியலைக் கூட்டி ஒரு செக்சம் கணக்கு வைத்துக்கொள்ளும். அடுத்த முறை பட்டியலைத் தொடும்போது கணக்கு ஒத்துவரவில்லை என்றால் டிஸ்க் மாறிவிட்டது என்று முடிவுகட்டி, அந்த டிரைவைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடும். எழுத முயன்றால் எரர். கன்ட்ரோல் சி அழுத்தி "நான் டிஸ்க் மாற்றியிருக்கிறேன்" என்று நீங்களே தெரிவித்த பிறகுதான் மறுபடி எழுத விடும். முரட்டுத்தனமான வழிதான், ஆனால் சரியான பக்கம் சாய்கிற முரட்டுத்தனம். சந்தேகம் வந்தால் எழுதாதே என்பது அதன் கொள்கை. எனக்கு இன்றைக்கும் இதன்மேல் மரியாதை உண்டு.

ஐபிஎம் பிசியில் ஓடிய டாஸ் என்ற ஓஎஸ் வேறு வழியில் போனது. 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் ஃப்ளாப்பி டிரைவில் டிஸ்க் மாறியதைச் சொல்ல எந்த வசதியும் இல்லை. அதனால் டிரைவை இயக்குகிற சின்ன புரோகிராமான டிரைவரிடம் டாஸ் "மாறியதா?" என்று கேட்டால் மூன்று பதில் வரலாம்: மாறவில்லை, மாறிவிட்டது, தெரியவில்லை. கடைசியாக அந்த டிரைவைத் தொட்டு 2 விநாடி ஆகவில்லை என்றால் மாறவில்லை என்றே வைத்துக்கொள்வார்கள், அதற்குள் ஒரு மனிதனால் கதவைத் திறந்து ஃப்ளாப்பியை உருவி இன்னொன்றைப் போட்டு மூட முடியாது என்ற கணக்கில். தெரியவில்லை என்ற பதில் வந்தால் என்ன செய்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். மெமரியில் எழுத வேண்டிய டேட்டா எதுவும் பாக்கி இல்லை என்றால் மாறியிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு கேஷைத் தூக்கிப்போட்டுப் புதிதாகப் படித்தது டாஸ், சரி. எழுத வேண்டியது பாக்கி இருந்தால்? மாறவில்லை என்று எடுத்துக்கொண்டு எழுதிவிட்டது. டேட்டா தொலையக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான், ஆனால் ஊகம் தப்பினால் அடுத்த டிஸ்க்கின் கதி மேலே பார்த்த கல்யாண ஆல்பம்தான்.

1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி இதற்கு ஒரு வயரைத் தந்தது. ஃப்ளாப்பி கேபிளின் 34ஆவது பின்னில் வருகிற அந்த லைனுக்கு டிஸ்க் சேஞ்ச் லைன் என்று பெயர். ஃப்ளாப்பியை எடுத்ததும் அது செட் ஆகும், மறுபடி ஒரு ஃப்ளாப்பி உள்ளே வந்து, டிஸ்க்கைப் படிக்கிற ஹெட் ஒரு படி நகர்ந்தால்தான் அழியும். அதாவது இடையில் எப்போதோ ஒருமுறை வெளியே எடுத்திருந்தாலும் அந்தச் சேதி அங்கேயே காத்திருக்கும். நல்ல டிசைன். ஆனால் அது சொல்வது "எடுத்தார்கள்" என்பதை மட்டும்தான். திரும்ப வந்தது அதே ஃப்ளாப்பியா வேறா என்று வயருக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க 1988இல் டாஸ் 4, ஃபார்மேட் செய்யும்போதே ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு சீரியல் நம்பரை எழுதி வைக்க ஆரம்பித்தது. ஃபார்மேட் செய்த தேதியையும் நேரத்தையும் வைத்து உருவாக்கிய 32 பிட் எண் அது. இன்றும் கமாண்ட் பிராம்ப்ட்டில் டிர் என்று அடித்தால் மேலே வருகிற வால்யூம் சீரியல் நம்பர் இதன் வாரிசுதான்.

அமிகா கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் இன்னொன்றைப் பார்த்திருப்பார்கள். வேலை பாக்கி இருக்கும்போது டிஸ்க்கை உருவினால், இந்தப் பெயருள்ள டிஸ்க்கை இந்த டிரைவில் திரும்பப் போட்டே ஆக வேண்டும் என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். அது டிரைவ் எழுத்தைச் சொல்லிவிட்டு நிற்கவில்லை, டிஸ்க்கின் பெயரைச் சொன்னது. உட்கார்ந்திருப்பவர் மேஜையில் கிடக்கிற பத்து ஃப்ளாப்பியில் எதைத் தேடுவது என்று தெரிந்துகொண்டார்.

இப்போது எப்படி நடக்கிறது

பென் டிரைவுக்கும் கார்டு ரீடருக்கும் இங்கே ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பென் டிரைவை உருவினால் அந்தச் சாதனமே போய்விடுகிறது. யூஎஸ்பி போர்ட்டுக்கு அது உடனே தெரியும், ஓஎஸ்ஸுக்குச் சொல்லிவிடும். அடுத்து செருகுவது புதுச் சாதனமாகத்தான் உள்ளே வரும். லினக்ஸில் பழையதை ஏதாவது புரோகிராம் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தால், எஸ்டிபி என்ற பெயரில் இருந்த டிரைவ் அடுத்த முறை எஸ்டிசி என்ற பெயரில் வரும். பலருக்கு இது எரிச்சல், ஆனால் பழைய கணக்கைப் புது டிஸ்க்கோடு ஒட்டாமல் இருப்பதற்கான பாதுகாப்பு அது.

கார்டு ரீடரில் நிலைமை வேறு. ரீடர் செருகியபடியே இருக்கும், உள்ளே கார்டு மட்டும் மாறும். போர்ட்டைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை. எனவே சேதியை ரீடர்தான் சொல்ல வேண்டும். சொல்கிற விதம் விசித்திரமானது. ரீடரும் பென் டிரைவும் யூஎஸ்பியின் மேல் பேசுவது ஸ்கஸி என்ற பழைய மொழியை. அதில் சாதனம் தானாக வாய் திறக்காது, கேட்டதற்குத்தான் பதில். அதனால் கார்டு மாறியபின் ஓஎஸ் அனுப்புகிற முதல் கட்டளையை ரீடர் வேண்டுமென்றே தோற்கடிக்கும். படி என்றால் படிக்காது. எரர் என்று திருப்பி அனுப்பி, காரணமாக யூனிட் அட்டென்ஷன் என்ற குறியையும், 28 என்ற துணைக் குறியையும் தரும். பொருள்: தயாராக இல்லாமல் இருந்து தயாராகியிருக்கிறேன், உள்ளே இருப்பது மாறியிருக்கலாம். கார்டே இல்லை என்றால் வேறு குறி, வேறு எரர்.

ஒரு எழுத்தாளனாக நான் அழுத்திச் சொல்ல வேண்டிய இடம் என்றால் இதுதான்: இந்த எரர் ஒரு கோளாறு இல்லை, ஒரு தகவல். எரரின் வடிவத்தில் வருவதால் புரோகிராம் எழுதுகிறவர்கள் இதையும் மற்ற எரர்களோடு சேர்த்துவிடுகிறார்கள். சாதாரண எரர் வந்தால் என்ன செய்வோம்? இன்னொரு தடவை முயல்வோம். கேபிள் ஆடியிருக்கும், தூசி இருக்கும், இரண்டாவது தடவை சரியாகிவிடும். யூனிட் அட்டென்ஷனிலும் இரண்டாவது தடவை சரியாகிவிடும், அதுதான் ஆபத்தே! அந்தச் சேதியை ஒரு முறை சொல்லி முடித்ததும் ரீடர் தன் கடமை முடிந்தது என்று அழித்துவிடுகிறது. அடுத்த கட்டளை எந்தத் தடையும் இல்லாமல் ஓடும், புதுக் கார்டின் மேல். கீழ்நிலையில் இருக்கிற ஏதோ ஒரு டிரைவர், மேலே யாருக்கும் சொல்லாமல் "மறுபடி முயன்றேன், சரியாகிவிட்டது" என்று போய்விட்டால், கார்டு மாறிய சேதி இந்த உலகத்திலேயே யாருக்கும் தெரியாமல் அழிந்துபோகும். மேலே ஃபைல்களின் கணக்கைப் பார்க்கிற ஃபைல் சிஸ்டம் என்ற பகுதி பழைய அட்டவணையோடு நிம்மதியாக எழுத வரும்.

லினக்ஸின் ஸ்கஸி பகுதி இதைச் சரியாகக் கையாள்கிறது. அந்தச் சாதனம் கார்டு மாற்றக்கூடிய வகையா என்று முதலில் பார்க்கும். மாற்ற முடியாத வகை என்றால் கரண்ட் தடுமாறியோ இணைப்பு ரீசெட் ஆகியோ இந்தச் சேதி வந்திருக்கும், மறுபடி முயன்றால் போதும் என்று விட்டுவிடும். மாற்றக்கூடியது என்றால் மறுமுயற்சி கிடையாது. மாறிவிட்டது என்று ஒரு குறியைப் போட்டுவிட்டு, அந்தக் கட்டளையைத் தோல்வி என்றே மேலே அனுப்பி, அதற்குமேல் அணுகுவதையும் மறுத்துவிடும். ஒரே சேதிக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம், எதற்கு எது என்று பிரித்துப் பார்க்கிற அந்தச் சில வரிகள்தான் பல பேருடைய கார்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. யாரும் எதையும் படிக்காமல் சும்மா இருந்தால்கூட, லினக்ஸ் பொதுவாக 2 விநாடிக்கு ஒருமுறை ரீடரிடம் "ஏதாவது மாறியதா" என்று கேட்டுக்கொண்டே இருக்கும், கார்டைப் போட்டதும் ஜன்னல் தானாகத் திறப்பது இப்படித்தான்.

விண்டோஸ் இன்னொரு படி சேர்க்கிறது. மாறியிருக்கலாம் என்ற சேதி வந்ததும் டிஸ்க் டிரைவர் அந்த டிரைவின் மேல் "சரிபார்க்க வேண்டும்" என்று ஒரு கொடியை ஏற்றும். ஃபைல் சிஸ்டம் போய் டிஸ்க்கின் முதல் பகுதியைத் திரும்பப் படித்து, சீரியல் நம்பரையும் பெயரையும் தன்னிடம் இருப்பதோடு ஒப்பிடும். ஒத்தால் வேலை தொடரும், ஒத்துவரவில்லை என்றால் பழைய டிஸ்க்குக்கான எல்லாக் கோரிக்கைகளையும் தவறான டிஸ்க் என்று திருப்பி அனுப்பும். விண்டோஸின் எரர் 34ஐ எடுத்துப் பார்த்தால், தவறான டிஸ்க் உள்ளே இருக்கிறது, இன்ன பெயரும் இன்ன சீரியல் நம்பரும் உள்ள டிஸ்க்கை இன்ன டிரைவில் போடுங்கள் என்று இருக்கும். எரர் 1110 என்றால் டிரைவில் இருப்பது மாறியிருக்கலாம் என்று மட்டும் அர்த்தம்.

நம்பர் ஒத்துப்போனால் போதுமா?

போதாது. அரூர் போன பஸ் ஒரு டிரிப் அடித்துவிட்டு அதே நம்பர் பிளேட்டோடு திரும்பி வந்து நிற்கலாம், உங்கள் துண்டு அதில் இருக்காது. கார்டிலும் இது நடக்கும், அதுவும் நம் ஊரில் மிகச் சாதாரணமாக.

போட்டோகிராபர் இரவு வேலையைப் பாதியில் விட்டு லேப்டாப்பை மூடுகிறார், அது தூங்கப் போகிறது. காலையில் ரீடரிலிருந்து கார்டை எடுத்து கேமராவில் போட்டு ஒரு காதுகுத்து முடித்துவிட்டு வந்து, மறுபடி அதே ரீடரில் அதே கார்டைப் போட்டு லேப்டாப்பைத் திறக்கிறார். சீரியல் நம்பர் அதேதான். ஆனால் இடையில் கேமரா இருநூறு படங்களை எழுதியிருக்கிறது. லேப்டாப்பின் மெமரியில் இருப்பது நேற்றைய அட்டவணை, அதன்படி அந்த இருநூறு படங்கள் இருக்கிற இடமெல்லாம் காலி. அதை நம்பி எழுதினால் காதுகுத்து போச்சு. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் சொந்த ஆவணத்திலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறார்கள்: தூங்கும்போது யூஎஸ்பி சாதனத்தின் மின்சாரம் துண்டிக்கப்பட்டாலும் விழித்ததும் பழைய இணைப்பையே தொடர்கிற ஒரு வசதி உண்டு, அந்த இடைவெளியில் ஒரே மாதிரி இன்னொன்றை மாற்றி வைத்தாலோ ரீடரில் கார்டை மாற்றினாலோ கர்னலால் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம், டேட்டா கெட்டுப்போகும் என்று.

இன்னொரு பக்கம், ஒரு கார்டை அப்படியே குளோன் எடுத்தால் சீரியல் நம்பரும் குளோன் ஆகிவிடும். இரண்டு கார்டு, ஒரே நம்பர்.

எனவே என் கருத்து இதுதான். மாறியிருக்கலாம் என்ற சேதி வந்துவிட்டால், நம்பர் ஒத்தாலும் ஒத்துவராவிட்டாலும் படித்து வைத்த கேஷ் மொத்தத்தையும் ஓஎஸ் தூக்கிப்போட்டுவிட வேண்டும். திரும்பப் படிக்க ஆகிறது ஒன்றிரண்டு விநாடி, அதற்குக் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது. எழுதக் காத்திருந்த டேட்டாதான் சிக்கலானது. அதைப் புது டிஸ்க்கில் எழுதவும் கூடாது, சத்தமில்லாமல் கீழே போடவும் கூடாது. பெயர் சொல்லிப் பழைய டிஸ்க்கைக் கேட்க வேண்டும், அது திரும்பி வந்தாலும் இடையில் வேறு எங்கும் எழுதப்படவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே எழுத வேண்டும். அது உறுதியாகத் தெரிவது அபூர்வம் என்பதால்தான் இன்றைய ஓஎஸ்கள் பலவும் காத்திருப்பதையே கைவிட்டு, போனது போனதுதான் என்று எரர் கொடுத்துவிடுகின்றன. கடுமையாகத் தெரிந்தாலும் ஒரு ஃபைல் போவது ஒரு கார்டு போவதைவிட மேல்.

திறந்து வைத்த ஃபைல்களிலும் அதே கண்டிப்பு வேண்டும். வேர்டில் எஃப் டிரைவிலிருந்து ரிப்போர்ட் என்ற ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறீர்கள், பென் டிரைவ் மாறுகிறது, புதியதிலும் ரிப்போர்ட் என்று ஒரு ஃபைல் இருக்கிறது. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று பழைய இணைப்பைப் புது ஃபைலோடு ஓஎஸ் ஒட்டிவிட்டால் இன்னொரு பிள்ளையின் புராஜெக்ட்டை உங்கள் புராஜெக்ட் அழித்துவிடும். திறந்த ஃபைல் என்பது டிரைவ் எழுத்துக்குச் சொந்தமில்லை, அந்த டிஸ்க்குக்குச் சொந்தம். டிஸ்க் போனால் அந்த இணைப்பும் செத்துப்போக வேண்டும், அதில் எழுத வருகிற புரோகிராமுக்கு எரர் கிடைக்க வேண்டும்.

எழுத வேண்டியதைக் குறைவாக வைத்துக்கொண்டால் இந்த அவஸ்தையே குறையும். 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு முதல், பென் டிரைவுகளுக்கு வேகத்தைவிட உடனே எழுதிவிடுகிற முறைதான் வழக்கமான செட்டிங். நல்ல முடிவு. உருவாமலே தடுப்பது இன்னொரு வழி. சிடி டிரைவில் வேலை நடக்கும்போது பட்டனை அழுத்தினாலும் டிரே வெளியே வராது, ஓஎஸ் கட்டளை கொடுத்துப் பூட்டியிருக்கும். 1984இன் மேகின்டாஷ் ஃப்ளாப்பி டிரைவில் வெளியே எடுக்கிற பட்டனே கிடையாது, ஓஎஸ்ஸிடம் கேட்டால் அது எழுத வேண்டியதை எழுதி முடித்துவிட்டு மோட்டாரால் வெளியே தள்ளும். பென் டிரைவுக்கு அப்படி ஒரு பூட்டு போட வழியில்லை. அந்தப் பூட்டுக்குப் பதிலாகத்தான் சேஃப்லி ரிமூவ் வந்தது.

ஆண்ட்ராய்டு போன்கள் கேபிள் போட்டதும் பென் டிரைவ் மாதிரி தெரியாமல் எம்டிபி என்று வருவதற்கும் இதே வேர்தான். பழைய போன்களில் கார்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் போன் அதை விட்டுவிட வேண்டியிருந்தது, ஒரே கார்டுக்கு இரண்டு ஓஎஸ் தனித்தனி கணக்கு வைத்தால் அட்டவணை நாசமாகிவிடும். ஆண்ட்ராய்டு 3 முதல் போனே கார்டை வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் கேட்கிற ஃபைலை எடுத்துக் கொடுக்கிறது.

ஓசூர் பட்டறைகளில்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதைப் பற்றிப் பேசிவிட்டு ஓசூரை விட முடியாது. அங்கே சிஎன்சி மெஷின், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம்படி உலோகத்தை வெட்டுகிற மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு இது போட்டோ போகிற விஷயம் இல்லை, டூல் உடைகிற விஷயம். ஃப்ளாப்பியில் புரோகிராம் ஏற்றுகிற பழைய மெஷின்கள் இருக்கும் இடங்களில், ஃப்ளாப்பி கிடைக்காமல் போனதால் அந்த இடத்தில் எமுலேட்டர் என்று ஒரு பெட்டியை மாட்டுகிறார்கள். பென் டிரைவைச் செருகினால் அதற்குள் நூறு ஃப்ளாப்பி இருக்கிற மாதிரி மெஷினுக்குக் காட்டும். முன்னால் இருக்கிற பட்டனை அழுத்தினால் 07 என்பது 08 ஆகும், அதாவது ஃப்ளாப்பி மாறிவிட்டது. இங்கே எமுலேட்டர் அந்த 34ஆவது பின்னைச் சரியாகத் தூண்ட வேண்டும், மெஷினும் அதைக் கவனிக்க வேண்டும். எமுலேட்டரில் செட்டிங் வைக்கிற ஜம்பர் தப்பாக இருந்தோ மெஷின் அந்த லைனைப் பார்க்காத வகையாக இருந்தோ போனால், எமுலேட்டர் 08இல் நிற்க, ஸ்கிரீனில் 07இன் பட்டியலே தெரியும். அந்தப் பட்டியலை நம்பி லோடு செய்தால் வருவது எது என்று சொல்ல முடியாது.

இந்த மெஷின்களின் ஓஎஸ்ஸை நம்மால் மாற்ற முடியாது. அதனால் ஓஎஸ் செய்ய வேண்டிய சரிபார்ப்பை ஆபரேட்டர்தான் செய்ய வேண்டும்: பட்டனை அழுத்தியதும் ஃபைல் பட்டியலைப் புதிதாக வரவழைப்பது, லோடு ஆன புரோகிராமின் தலையில் இருக்கிற நம்பரை ஜாப் கார்டோடு ஒத்துப் பார்ப்பது, முதல் பீஸை சிங்கிள் பிளாக்கில், அதாவது வரிவரியாக நிறுத்தி ஓட்டுவது. சேவ் செய்வதாக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை, சேவ் முடிகிற வரை அந்தப் பட்டனைத் தொடவே கூடாது.

எரர் உங்கள் ஸ்கிரீனில் வந்தால்

டிஸ்க் மாறிவிட்டது, தவறான டிஸ்க், டிரைவ் தயாராக இல்லை, இப்படி எது வந்தாலும் ரீட்ரை பட்டனில் கை போவதற்கு முன் போர்ட்டில் இருப்பது எது என்று பாருங்கள். முதலில் இருந்ததையே திரும்பச் செருகிவிட்டு அப்புறம் ரீட்ரை கொடுங்கள். வேறு கார்டு உள்ளே இருக்கும்போது ரீட்ரை கொடுப்பதுதான் மேலே சொன்ன அத்தனை விபத்துக்கும் வாசல். அந்தக் கார்டு கையில் இல்லை, வாடிக்கையாளர் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார் என்றால் கேன்சல் கொடுத்து, திறந்திருக்கிற ஃபைலை சேவ் ஆஸ் போட்டுக் கம்ப்யூட்டரிலேயே சேமித்துக்கொள்ளுங்கள்.

காப்பி ஓடி 100 சதவீதம் காட்டினாலும் சில நேரம், குறிப்பாக லினக்ஸில், டேட்டா இன்னும் மெமரியிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். எஜெக்ட் கொடுத்து, எடுக்கலாம் என்று சொன்ன பிறகு எடுங்கள். கார்டு ரீடரில் எஜெக்ட் கொடுத்தபின் அடுத்த கார்டைப் போட்டு எதுவும் தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம், ரீடரையே ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். ஸ்டூடியோவில் கார்டு மாற்றும்போதெல்லாம் ரீடரையும் சேர்த்துக் கழற்றி மாட்டுகிற பழக்கம் இருந்தால் இன்னும் நல்லது, அப்போது போர்ட்டுக்கே விஷயம் தெரிந்துவிடும், ரீடர் சொல்ல மறந்தாலும் பாதகமில்லை.

செருகியதும் "ஃபார்மேட் செய்யட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். அட்டவணை கெட்டிருந்தாலும் படங்கள் உள்ளேதான் இருக்கின்றன, புதிதாக எதையும் எழுதாத வரை. செக் டிஸ்க் ஓட்டுவதையும் தள்ளிப் போடுங்கள், அதுவும் கார்டில் எழுதுகிற வேலைதான். கார்டு முழுவதையும் அப்படியே ஒரு இமேஜ் ஃபைலாகக் கம்ப்யூட்டரில் எடுத்துக்கொண்டு, மீட்கிற சாஃப்ட்வேரை அந்த இமேஜின் மேல் ஓட்டுங்கள். எஸ்டி கார்டாக இருந்தால் பக்கவாட்டில் இருக்கிற சின்ன லாக்கை ரீடரில் போடும் முன்பே தள்ளிவிட்டால் பெரும்பாலான ரீடர்கள் எழுத விடாது. மைக்ரோ எஸ்டியில் அந்த லாக் இல்லை, அதை அடாப்டரில் போட்டு அடாப்டரின் லாக்கைத் தள்ளிக்கொள்ளலாம்.